நிறுத்தத் தெரிந்த கை

எங்கள் வீட்டு கராஜில் இரண்டு கார்கள் நிற்க இடம் உண்டு. ஆனால் ஒன்றுதான் உள்ளே நிற்கும். மீதிப் பாதி, என் மகள் ஒன்பது வயதில் கம்பைப் பிடித்த நாளிலிருந்து அவளுடையது. சான் ரமோனில் எங்கள் பகுதிப் பூங்காவில் நண்பர் ஒருவர் சனிக்கிழமைதோறும் சிலம்பம் சொல்லிக்கொடுத்தார். வார நாட்களில் மென்பொருள் வேலை, வாரக் கடைசியில் வாத்தியார். சுவடு வைப்பதில் தொடங்கி, ஒற்றைக் கம்பு, இரட்டைக் கம்பு என்று எட்டு வருடம் அவரிடம் கற்றாள். கராஜ் விளக்கு இரண்டு முறை உடைந்தது. அதற்காக நான் ஒருமுறைகூடக் கோபித்துக்கொண்டதில்லை. தமிழ்ச் சங்க விழாக்களில் அவள் கம்பு சுழற்றும்போது கைபேசியில் படம் பிடிக்கும் முதல் வரிசைத் தகப்பன் நான்தான்.

இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. போன வருடமே ஆர்.ஓ.டி.சி.யில் சேர்ந்துவிட்டாள். படிப்பு முடிந்ததும் அமெரிக்கத் தரைப்படையில் இளநிலை அதிகாரியாக நுழைவதற்கான பயிற்சித் திட்டம் அது. என்னிடம் சொன்னது சேர்ந்த பிறகுதான். நன்றி நவிலல் விடுமுறைக்கு வந்திருந்தபோது, நான் கிரைண்டரில் உளுந்து தள்ளிக்கொண்டிருந்த நேரத்தில் சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்து கேட்டாள்.

“அப்பா, ஆர்மி வேலைக்கு எந்த மார்ஷியல் ஆர்ட் சரியா இருக்கும்? சிலம்பத்தையே தொடரட்டுமா, இல்ல ஜூஜிட்சு கிளாஸ்ல சேரட்டுமா?”

“முதல்ல பரீட்சையைப் பாரு” என்றேன். அது பதில் இல்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கிரைண்டர் சத்தத்தில் பேச்சு அத்தோடு நின்றது. கேள்வி நிற்கவில்லை.

*

முதலில் நம்முடைய ஒரு பாசாங்கைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரின் கடைத்தொகுதிகளில் இந்திய மளிகைக் கடை, கணக்கு டியூஷன் மையம் இவற்றோடு ஒரு டேக்வாண்டோ அல்லது கராத்தே பள்ளியும் அநேகமாக இருக்கும். மாலை ஐந்து மணிக்குப் பின் வெள்ளை உடுப்பும் கலர் பெல்ட்டுமாக நம் பிள்ளைகள் இறங்கி ஓடுவார்கள். ஏன் அனுப்புகிறீர்கள் என்று கேட்டால் ஒழுக்கம் வரும், தன்னம்பிக்கை வரும், உடம்பு வளையும் என்போம். கல்லூரி விண்ணப்பத்தில் ஒரு வரி கூடும் என்பதை மெதுவாகச் சொல்வோம். அடிக்கக் கற்றுக்கொள்ளத்தான் அனுப்புகிறோம் என்று ஒருவரும் சொல்வதில்லை. அரிவாளை வாங்கி வைத்துக்கொண்டு அதன் பளபளப்பைப் பற்றி மட்டும் பேசுவது போன்றது இது.

என் மகள் பத்து வயதில் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் புறநானூற்றின் 279ஆம் பாடலை ஒப்பித்தாள். ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. முதல் போரில் தந்தையை இழந்தவள், அடுத்த போரில் கணவனை இழந்தவள், மறுபடி போர்ப்பறை கேட்டதும் ஒரே மகனின் தலையில் எண்ணெய் தடவிச் சீவி, கையில் வேலைக் கொடுத்துப் போர்க்களம் நோக்கி அனுப்பும் பாடல். அரங்கம் எழுந்து கைதட்டியது. நானும் தட்டினேன். பத்து வருடம் கழித்து அதே பெண் “நான் போறேன்” என்றபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மேடையில் வீரம், வீட்டில் எச்சரிக்கை என்று இரண்டு கணக்கு வைத்திருக்கிறோம். பிள்ளைகள் ஒரே கணக்காகப் படித்துவிடுகிறார்கள்.

டோகர்ட்டி சாலையில் டப்ளின் பக்கம் போகும்போது கேம்ப் பார்க்ஸ் ராணுவப் பயிற்சி நிலையத்தின் கம்பி வேலி நெடுந்தூரம் கூடவே வரும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கடற்படைக்காக உருவான முகாம், இன்று தரைப்படையின் ரிசர்வ் வீரர்கள் பயிலும் இடம். பதினைந்து வருடமாக அந்த வேலியை ஒட்டியே வேலைக்குப் போய் வருகிறேன். அதற்குள்ளே என்ன கற்றுக்கொடுக்கிறார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. அவள் கேட்ட பிறகுதான் யோசித்தேன், படித்தேன்.

*

எது பயன்படும் என்ற அளவில் அவள் கேள்விக்கு விடை உண்டு. அமெரிக்கத் தரைப்படை அதைக் கண்டுபிடித்து எழுதியும் வைத்திருக்கிறது. 1995இல் இரண்டாம் ரேஞ்சர் பட்டாலியனில் கைச்சண்டைப் பயிற்சியைச் சீரமைக்கும் முயற்சி தொடங்கியது. அதை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர் மேட் லார்சன். பல கலைகளைப் பார்த்துவிட்டு அவர்கள் போய்ச் சேர்ந்தது கலிபோர்னியாவின் டாரன்ஸ் நகரில் கிரேசி குடும்பத்தார் நடத்திய பிரேசிலிய ஜூஜிட்சுப் பள்ளிக்கு. அந்தக் கலை வந்த வழி சுவையானது. ஜப்பானில் 1882இல் ஜிகோரோ கானோ, பழைய ஜூஜிட்சு முறைகளில் ஆபத்தானவற்றை விலக்கி, கல்விக்கு உரிய ஒன்றாக ஜூடோவை அமைத்தார். அவருடைய மாணவர் பரம்பரையில் வந்த மிட்சுயோ மயேடா அதைப் பிரேசிலுக்குக் கொண்டுபோனார். அங்கே கிரேசி குடும்பத்தார் அதைத் தரையில் உருண்டு போராடும் முறையாக வளர்த்தார்கள். பிறகு அது கலிபோர்னியா வழியாக ரேஞ்சர்களிடம் வந்தது. 2002இல் தரைப்படையின் கைச்சண்டைக் கையேடே இதன் அடிப்படையில் புதிதாக எழுதப்பட்டது.

இதைத் தேர்ந்ததற்கான காரணங்கள் ஒரு பொறியாளனுக்கு உடனே புரியும். அடிப்படைகளைச் சில வாரங்களில் கற்பிக்கலாம். முழு பலத்தோடு பயிலலாம், ஆனால் எலும்பு உடையாது. கண்ணைக் குத்து, தொண்டையை அடி என்று சொல்லும் முறைகளை யார் மீதும் உண்மையாகப் பயில முடியாது, காற்றில்தான் பயிலலாம். பயிலாதது நெருக்கடியில் கைக்கு வராது.

அதே ஆட்கள் இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறார்கள். போர்க்களத்துக் கைச்சண்டையில் யாருடைய கூட்டாளி முதலில் துப்பாக்கியோடு வந்து சேர்கிறானோ அவன்தான் வெல்வான் என்பது அவர்கள் வட்டாரத்துப் பழமொழி போல ஆகிவிட்டது. அப்படியானால் கைச்சண்டையை ஏன் இத்தனை பாடுபட்டுக் கற்பிக்க வேண்டும்? மன உறுதிக்காக, எதிரியை நெருங்கத் தயங்காமல் இருப்பதற்காக என்கிறார்கள். ஆக, ராணுவம் ஒரு சண்டைக் கலையைத் தேர்ந்தெடுக்கும்போது கைக்கு வித்தை தேடுவதைவிட மனதுக்கு ஒரு வார்ப்பைத் தேடுகிறது. பயன் பற்றிய கேள்வி அந்த இடத்தில் அறம் பற்றிய கேள்வியாகிவிடுகிறது.

*

பரமக்குடிப் பக்கம் என் பெரியப்பா மதராஸ் ரெஜிமெண்டில் பதினெட்டு வருடம் இருந்தவர். பட்டாளத்துக்குப் போகுமுன் ஊரில் நல்ல சிலம்பக்காரர் என்று பெயர். நான் பள்ளிப் பையனாக இருந்தபோது ஒருமுறை கேட்டேன், சிலம்பம் பட்டாளத்தில் உதவியதா என்று. திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டே சொன்னார்:

“அங்கிட்டு வேற வித்தைடா. துப்பாக்கி முனையில கத்தியச் சொருகி, வைக்கோல் பொம்மையக் குத்தச் சொல்லுவாங்க. கத்திக்கிட்டே ஓடிப்போய்க் குத்தணும். சிலம்பத்துல எதிர்ல நிக்கிறவன் கண்ணப் பார்த்துத்தான் கம்பு எடுக்கணும். பொம்மைக்கு ஏது கண்ணு?”

அன்று சிரித்தேன். இப்போது அந்தப் பொம்மை நினைவுக்கு வருகிறது. அமெரிக்கப் படையின் கடைசிப் பெரிய பயனெட் தாக்குதல் 1951 பிப்ரவரியில், கொரியாவில் லூயிஸ் மில்லட் தலைமையில் நடந்தது. ஆனால் அடிப்படைப் பயிற்சியில் பயனெட் ஓட்டம் 2010 வரை நீடித்தது. பயன்பாடு போய்க் கிட்டத்தட்ட அறுபது வருடம் அந்தப் பயிற்சி உயிரோடு இருந்தது. தயக்கத்தை உடைப்பதற்குத்தான். ஒரு மனிதன் இன்னொரு மனிதனைத் தொட்டுக் கொல்லத் தயங்குவான். பொம்மையை ஆயிரம் முறை குத்தியவன் குறைவாகத் தயங்குவான்.

சிலம்பத்தில் நான் பார்த்த பயிற்சி வேறு. குருவணக்கம் செய்து, எதிரே நிற்பவரையும் வணங்கி, பிறகுதான் கம்பு சுழலும். ஜோடியாக ஆடும்போது வேகமாக வரும் கம்பு எதிராளியின் தோளுக்கோ காதுக்கோ அருகில் வந்து நிற்க வேண்டும். போட்டியில்கூடத் தொட்டாலே புள்ளி, உடைக்க வேண்டியதில்லை. என் மகளின் வாத்தியார் புதிதாக வந்த பிள்ளைகளிடம், “வீசறது யாருக்கும் வரும். நிறுத்திக் காட்டு” என்பார். மணிக்கட்டு வலிக்க வலிக்க அவள் முதல் வருடம் முழுதும் பயின்றது அந்த நிறுத்தத்தைத்தான்.

இதை வைத்து நான் ஒரு முடிவுக்கு வந்தேன். சிலம்பம் நல்லது, ராணுவ வித்தை கெட்டது, ஆகவே மகளே சிலம்பத்திலேயே இரு. அந்த முடிவு எனக்கு வசதியாகவும் இருந்தது. ஆனால் மேலே படிக்கப் படிக்க அது நிற்கவில்லை.

*

அமெரிக்க மரைன் படை 1989இல் ‘லைன்’ என்ற கைச்சண்டை முறையை ஏற்றுக்கொண்டது. களைத்துப் போனவனும் இருட்டில் செய்யக்கூடிய, சுருக்கமான, பெரும்பாலும் உயிரைப் பறிப்பதில் முடியும் அசைவுகள். வேலைக்குத் தோதான கலை என்றால் இதைவிட வேறு என்ன வேண்டும்? ஆனால் தொண்ணூறுகளில் மரைன்களை அனுப்பிய இடங்களில் பல, அமைதி காக்கும் பணிகள். கூட்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டும், கல்லெறியும் இளைஞனைப் பிடிக்க வேண்டும், கைதியைக் காயமின்றிக் கொண்டுவர வேண்டும். கொல்லும் அசைவு மட்டும் தெரிந்த கைக்கு அங்கே வேலை இல்லை. ஒன்றும் செய்யாமல் நிற்கலாம் அல்லது கொல்லலாம், இடையில் எதுவும் இல்லை. அந்த முறை கைவிடப்பட்டதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

2001இல் ஜெனரல் ஜேம்ஸ் ஜோன்ஸ் தளபதியாக இருந்தபோது வந்த புதிய திட்டத்தில் பழுப்பு மஞ்சளில் தொடங்கிக் கறுப்பு வரை பெல்ட்டுகள் உண்டு. உடல், மனம், குணம் என்று மூன்று பிரிவாகப் பாடம் வகுத்தார்கள். உருண்டு புரண்டு முடித்ததும் வட்டமாக உட்கார்ந்து ஒரு போர்வீரரின் கதையையோ ஒரு தர்மசங்கடத்தையோ பேச வேண்டும். அந்தப் பேச்சும் பெல்ட்டுக்கான தகுதியில் சேரும். அதாவது, அற விசாரணை ஏதும் இல்லாத சிலம்ப ஆசான் ஒருவர் இருக்கக்கூடும் என்றால், அதை வைத்திருக்கும் ராணுவப் பயிற்சியும் இருக்கக்கூடும். கலையின் பெயரைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

பேச்சு போதுமா என்றால், அதுவும் இல்லை. அந்தத் திட்டம் வந்து நான்கு ஆண்டுகளில், 2005 நவம்பரில், இராக்கின் ஹடீதாவில் மரைன்கள் பெண்களும் குழந்தைகளுமாக 24 பொதுமக்களைக் கொன்றார்கள். வட்டமாக உட்கார்ந்து பேசிய பாடம் அன்று அந்த வீடுகளுக்குள் யாருடைய கையையும் பிடித்து நிறுத்தவில்லை.

*

கைச்சண்டையில் இரக்கத்துக்கு இடம் அதிகம், துப்பாக்கிக்குத்தான் இரண்டாம் யோசனை கிடையாது என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பையும் உடைத்தது எங்கள் மாவட்டத்துக்காரர் ஒருவரின் மரணம்.

ராமநாதபுரம் மாவட்டம் திருவாடானை அருகே கடுக்கலூரைச் சேர்ந்தவர் ஹவில்தார் கே. பழனி. 81ஆவது பீல்டு ரெஜிமெண்டில், அதாவது பீரங்கிப் படையில் இருந்தவர். 22 ஆண்டுகள் பணி. 2020 ஜூன் 15 அன்று இரவு லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் இறந்த இருபது இந்திய வீரர்களில் ஒருவர். பல மைல் தள்ளிக் குண்டு வீசும் பீரங்கிப் படையின் வீரர் ஒருவர், கல்லும் தடியும் கூர் ஆயுதங்களுமாக நடந்த சண்டையில், எதிரியை முகத்துக்கு முகம் பார்த்தபடி இறந்தார்.

அங்கே துப்பாக்கி பேசாததற்குக் காரணம் ஒரு நல்ல எண்ணம். எல்லைக் கோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் எந்தத் தரப்பும் சுடக்கூடாது என்று 1996இல் இந்தியாவும் சீனாவும் ஒப்பந்தம் செய்திருந்தன. உயிர்ச்சேதம் வரக்கூடாது என்பதற்காகச் செய்த விதி. அந்த விதிக்குக் கட்டுப்பட்டே ஆணி பதித்த தடிகள் வந்தன. அதே ஜூன் மாதத்தில், திபெத்தில் புதிதாக அமைத்த துணைப் படைகளில் மலையேறிகளையும் கலப்புச் சண்டைக் கழகம் ஒன்றின் வீரர்களையும் சேர்த்ததாகச் சீன அரசு ஊடகங்கள் செய்தி வெளியிட்டன. ராணுவ வேலைக்கு ஏற்ற சண்டைக் கலை எது என்ற கேள்வி, என் சமையலறைக்கு வருவதற்கு முன்பே இமயமலையில் அரசாங்கங்களின் கேள்வியாகிவிட்டிருந்தது.

சீனா தன் தரப்பில் நால்வர் இறந்ததாகப் பிறகு அறிவித்தது. யார் தொடங்கினார்கள் என்பதில் இரு நாடுகளும் இரு கதைகள் சொல்கின்றன. எனக்கு உறைத்தது வேறு. துப்பாக்கியை எடுத்துவிட்டால் கைக்குத் தானாக இரக்கம் வந்துவிடாது. கண்ணைப் பார்த்து அடிப்பதாலும் வராது. பெரியப்பா சொன்ன ‘கண்ணு’ அங்கே இரு பக்கமும் இருந்தது.

அந்த இரவிலும் வேறு விதமான கைகள் இருந்தன. பழனிக்கு மரணத்துக்குப் பின் வீர் சக்ரா கொடுத்தபோது, காயமடைந்த தோழர்களைக் காக்க முயன்று நின்ற இடத்தை விடாமல் நின்றார் என்று விருதுக் குறிப்பு சொல்லிற்று. அதே இரவுக்காக வீர் சக்ரா பெற்ற இன்னொருவர் நாயக் தீபக் சிங், 16 பீகார் படைப்பிரிவின் மருத்துவ உதவியாளர். தானும் அடிபட்ட நிலையில் முப்பதுக்கும் மேற்பட்ட வீரர்களுக்குச் சிகிச்சை செய்து உயிரைக் காத்துவிட்டு இறந்தார். அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு ராணுவ வீரனின் கைக்குத் தெரிந்திருக்க வேண்டியது என்ன என்று கேட்டால், நான் முதலில் சொல்வது அவர் கைக்குத் தெரிந்ததைத்தான்.

*

இதையெல்லாம் மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தபோது யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரிடம் மகளின் கேள்வியைச் சொன்னேன். ‘ஆமி’ என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. நம் வாசகர்களில் பலருக்கு அந்த முகமாற்றத்தை விளக்க வேண்டியதில்லை. சிறிது நேரம் கழித்து அவரே சொன்னார்:

“எனக்கு அப்ப பதினாறு வயசு. சோதனைச்சாவடியிலை அடையாள அட்டையைக் குடுத்தனான். ஒருத்தன் என்னை விழுத்திப்போட்டு முதுகிலை முழங்காலை ஊண்டினவன். நான் ஒண்டும் செய்யேல்லை, விடுங்கோ எண்டு கத்தினனான். அவன் நல்லாப் பழகினவன்தான், பிடி ஒருக்காலும் வழுகேல்லை. எப்ப விடோணும் எண்டதைத்தான் அவனுக்கு ஒருத்தரும் பழக்கேல்லை.”

எந்த ராணுவம் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஒரு சண்டைக் கலையைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் எப்போதும் மேலே இருப்பவனாகத்தான் நம்மை நினைத்துக்கொள்கிறோம். கீழே கிடப்பவனின் பக்கமிருந்து பார்த்தால் அந்தக் கலையின் தராதரம் ஒரே ஒரு இடத்தில்தான் தெரியும். அவன் போதும் என்று சொல்லும்போது மேலே இருக்கும் கைக்குக் கேட்கிறதா என்பதில்.

கன்னியாகுமரிப் பக்கத்து வர்ம ஆசான்கள் இதைத் தங்கள் பாடத்திட்டத்திலேயே கட்டி வைத்திருக்கிறார்கள். படு வர்மம் பன்னிரண்டு, தொடு வர்மம் தொண்ணூற்றாறு, ஆக நூற்றெட்டு என்பது மரபுக் கணக்கு. அடிக்கும் இடத்தைக் கற்பவன் அந்த அடியின் விளைவை மாற்றும் இளக்குமுறையையும் கற்க வேண்டும். வர்ம ஆசான் என்பவர் அடிமுறை வாத்தியாராகவும் வைத்தியராகவும் ஒரே ஆளாக இருப்பார். மருத்துவம் என்ற அளவில் இதில் எவ்வளவு நிற்கும் என்பது வேறு விவாதம். கெடுக்கக் கற்கும் கையே சரிசெய்யவும் கற்க வேண்டும் என்ற ஒழுங்குதான் எனக்கு முக்கியம்.

வள்ளுவரும் படையைப் பற்றிய அதிகாரத்தில், படைச்செருக்கில், இதைத் தொடுகிறார். பகைவனிடம் கடுமையாக நிற்பதைப் பேராண்மை என்று ஒப்புக்கொள்கிறார், மழுப்பவில்லை. அவனுக்கே ஓர் இடர் வரும்போது உதவுவதை அந்த ஆண்மையின் கூர்மை என்கிறார். ஆயுதத்துக்கு உரிய சொல்லையே அதற்குப் போடுகிறார். இரக்கம் வீரத்தைக் குறைக்கும் ஒன்றாக அவர் கணக்கில் வரவில்லை. அது இல்லாத வீரம் மொண்ணை.

*

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மகள் வந்தபோது பதிலோடு காத்திருந்தேன். இருவரும் கராஜில் கம்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தோம். எந்தக் கலையாக இருந்தாலும் சரி, நிறுத்தச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியாராகப் பார் என்றேன். கம்பு காதருகே நிற்பது, வர்மம், மரைன்களின் கதை, கல்வான், நண்பரின் முதுகு எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

“நான் போன மாசமே ஜூஜிட்சு சேர்ந்துட்டேன்பா” என்றாள். என்னிடம் சேர்ந்த பிறகு சொல்வது அவளுக்குப் பழகிவிட்டது. “முதல் நாள் முதல்ல என்ன சொல்லிக்கொடுத்தாங்க தெரியுமா? டேப். பூட்டு விழுந்துடுச்சுன்னா ரெண்டு தட்டு தட்டணும். தட்டின உடனே விட்டுடணும். ஒரு செகண்ட் லேட் பண்ணினாலும் திட்டு. அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம்.”

நான் தேடிக்கொண்டிருந்தது அதற்குள்ளும் இருந்தது. முழு பலத்தோடு பயில முடிவதே அந்த இரண்டு தட்டால்தான் என்பதையும் அப்போதுதான் சேர்த்துப் பார்த்தேன். எதிராளி தட்டுவான், நீ விடுவாய் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் ஒருவரும் தன் கழுத்தைக் கொடுக்க மாட்டார்கள்.

“ஆனா சண்டையில யாரு தட்டப்போறா?” என்று கேட்டேன்.

“தட்டுவாங்கப்பா. கையைத் தூக்குவாங்க, ஆயுதத்தைக் கீழ போடுவாங்க. அடிபட்டு விழுந்து கிடக்கறதும் தட்டுற மாதிரிதான். அப்புறம் தொடக் கூடாது. ஜெனீவா ஒப்பந்தம் அதானே? கிளாஸ்ல நடத்தினாங்க.” 1949ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தங்களின் மூன்றாம் பிரிவை அவள் எனக்கு இரண்டு தட்டில் விளக்கிவிட்டாள்.

நான் விடவில்லை. நிறுத்துவது உன் கையில் இருக்குமா, ஆணை போடுபவன் கையில் அல்லவா இருக்கும் என்றேன். அவள் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். “ஆணை போடப்போறது நான்தான்பா. அதுக்குத்தானே இந்த டிரெயினிங்.”

அவள் அதிகாரியாகப் போகிறாள் என்பதை அதுவரை நான் சம்பளக் கணக்காக மட்டுமே பார்த்திருந்தேன். 1968 மார்ச் 16 அன்று வியட்நாமின் மை லாய் கிராமத்தில் அமெரிக்கப் படையினர் ஊர்மக்களைக் கொன்றுகொண்டிருந்தபோது, ஹெலிகாப்டர் விமானி ஹ்யூ தாம்சன் தன் படையினருக்கும் கிராமத்தவருக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கினார். தன் பக்கத்தவருக்கு எதிராகவே நின்று எஞ்சியவர்களில் சிலரை மீட்டார். அவருக்குப் பதக்கம் கொடுக்க நாட்டுக்கு முப்பது வருடம் ஆயிற்று. அந்தக் காலையில் அவருக்குத் தேவைப்பட்டதை எந்தப் பள்ளியில் எந்த பெல்ட்டுக்குக் கற்றுக்கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் நிறுத்துவதை உடம்பால் ஆயிரம் முறை செய்தவளுக்கு, மற்றவர்களை நிறுத்தச் சொல்லும் வாய் சற்று எளிதாகத் திறக்கும் என்று நம்ப விரும்புகிறேன். அப்படி நடக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஹடீதா அதற்கு இடம் தரவில்லை.

“படுங்கப்பா, காட்டறேன்” என்றாள். கராஜில் பழைய யோகா பாயை விரித்தாள். ஐம்பத்து மூன்று வயதில் முதுகு பிடித்துக்கொள்ளுமோ என்ற கவலையோடு உட்கார்ந்தேன். பின்னாலிருந்து அவள் கை என் கழுத்தைச் சுற்றி வந்தது. ஒன்பது வயதில் என் விரலைப் பிடித்துக்கொண்டு பூங்காவுக்கு நடந்த கை. மெதுவாகத்தான் இறுக்கினாள். ஆனாலும் இரண்டு நொடியில் கராஜ் விளக்கு மங்கலானது. அவள் முழங்கையில் இரண்டு தட்டுத் தட்டினேன். உடனே விட்டாள்.

“சரியாப்பா?” என்று குனிந்து முகத்தைப் பார்த்தாள். சரி என்றேன். பாயைச் சுருட்டி வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் சிறிது நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். தட்டியது அப்பா என்பதால் அந்தக் கை அத்தனை சீக்கிரம் விட்டது. இன்னும் மூன்று வருடத்தில் அதன் எதிரே இருக்கப்போவது நானில்லை.